கண் சோர்வுக்குக் காரணம் நீல ஒளியா?

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலை அடுத்து, மேலநீலிதநல்லூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. மானாவாரி நிலங்கள் சூழ்ந்த ஊர். வானத்தை மறைக்கும் உயரமான கட்டடங்கள் அங்கே இல்லை. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி அங்கே இருப்பதால், சுற்றுப்புறக் கிராமங்களின் இளைஞர்கள் நாள்தோறும் வந்து போகும் கல்வி நிலையமாகவும் அது விளங்குகிறது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே இப்பகுதியிலும் பாடங்கள் கைபேசித் திரைக்கு மாறின. பள்ளிகள் திறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனால் கைபேசி நம் கையை விட்டுப் போகவில்லை. வினாத்தாள் கைபேசியில் வருகிறது, விளக்கப் படம் கைபேசியில் வருகிறது, விளையாட்டும் அதிலேதான். அதனுடன் கூடவே ஒரு முறையீடும் வந்தது. "கண் எரிகிறது", "கண் கனக்கிறது", "தலை வலிக்கிறது" என்பதே அது.

இதற்கு ஒரு காரணமும் எங்கும் சொல்லப்படுகிறது. "திரையிலிருந்து நீல ஒளி வருகிறது, அதுதான் கண்ணைக் கெடுக்கிறது" என்கிறார்கள். நீல ஒளியைத் தடுக்கும் 'புளூ கட்' கண்ணாடி வாங்கினால் சரியாகிவிடும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கலாம். ஒரு குடும்பத்தின் மாத வரவில் கண்ணாடிக்கென்று ஒரு தொகையை எடுத்து வைப்பது எளிதன்று. அந்தப் பணம் சரியான இடத்தில்தான் செலவாகிறதா என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டாமா? வாருங்கள், நீல ஒளியைக் கூண்டில் ஏற்றி, சாட்சிகளை ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

நீல ஒளி எங்கிருந்து வருகிறது?

முப்பட்டகத்தின் வழியே வெயிலைச் செலுத்தினால் ஏழு நிறங்கள் தோன்றுவதைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். இந்த வரிசையில் சிவப்பு நீண்ட அலை; ஊதாவும் நீலமும் குறுகிய அலைகள். 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள பகுதியைப் பொதுவாக நீல ஒளி என்கிறோம். அலைநீளம் குறையக் குறைய ஒளித்துகள் ஒவ்வொன்றின் ஆற்றலும் கூடும். ஆகவே நீல ஒளித்துகளுக்குச் சிவப்பு ஒளித்துகளைவிட ஆற்றல் அதிகம். நீலத்தின் மீது ஐயம் பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் நீல ஒளி கைபேசியோடு பிறந்ததன்று. தலையை உயர்த்திப் பாருங்கள். வானம் முழுவதும் நீல ஒளிதான். வெயில் காற்று மண்டலத்தில் நுழையும்போது காற்றின் மூலக்கூறுகள் அதனைச் சிதறடிக்கின்றன. குறுகிய அலைகள் மிகுதியாகச் சிதறும். 650 நானோமீட்டர் சிவப்பைவிட 450 நானோமீட்டர் நீலம் நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. வானத்தின் எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் கண்ணில் நீலம் வந்து விழுவது இதனாலேதான்.

நம் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1921ஆம் ஆண்டு கப்பலில் நாடு திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்ற அக்காலக் கருத்தை அவர் அப்படியே ஏற்கவில்லை. கருவி கொண்டு சோதித்தார். நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அந்த ஆராய்ச்சிப் பாதையே 1928இல் இராமன் விளைவுக்கு வழிகாட்டியது. பெரியவர்கள் சொன்னாலும் சோதித்துப் பார் என்ற அந்த வழியையே நாமும் இங்கே பின்பற்றுவோம்.

திரையின் நீலம்

இன்றைய கைபேசிகளிலும் கணிப்பொறிகளிலும் ஒளி தருபவை ஒளி உமிழ் டையோடுகள். இவற்றை எல்.இ.டி. என்று வழங்குகிறோம். சிவப்பு, பச்சை டையோடுகள் முதலிலேயே வந்துவிட்டன. பிரகாசமான நீல டையோடு செய்வது மட்டும் நெடுங்காலம் கைகூடவில்லை. ஜப்பானியரான அகசாகி, அமானோ ஆகியோரும், ஜப்பானில் பிறந்த நகமுராவும் அதனைச் சாதித்தனர். அதற்காக 2014இல் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நீல டையோடு கிடைத்ததும் வெள்ளை ஒளி எளிதாயிற்று. 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை ஒரு மஞ்சள் ஒளிர்பொருளின் மீது விழச் செய்வார்கள். நீலத்தின் ஒரு பகுதி மஞ்சளாக மாறும். மாறாத நீலமும் இந்த மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரியும். நம் வீட்டு எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் எரிகின்றன. பல கைபேசித் திரைகளின் பின்னாலும் இதே ஏற்பாடுதான் உள்ளது. ஆகவே திரையில் நீல ஒளி இருப்பது உண்மை. முதல் சாட்சி பொய் சொல்லவில்லை.

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி: எவ்வளவு?

ஒரு சிறு கணக்கு

ஒளியின் அளவைக் கணக்கிட உங்கள் இயற்பியல் பாடமே போதும். நல்ல பிரகாசத்தில் வைத்த கைபேசித் திரை, சதுர மீட்டருக்குச் சுமார் 400 கேண்டிலா ஒளிர்வு தருவதாகக் கொள்வோம். திரையின் நீளம் 15 செ.மீ., அகலம் 7 செ.மீ. என்றால் பரப்பு 0.0105 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்க 4.2 கேண்டிலா. இதனை 30 செ.மீ. தொலைவில் பிடித்துப் படிக்கிறீர்கள். தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஒளி குறையும் என்பது உங்களுக்குத் தெரிந்த விதி. 4.2ஐ 0.3இன் இருமடியான 0.09ஆல் வகுத்தால் ஏறத்தாழ 47 வருகிறது. அதாவது, திரை முழுவதும் வெள்ளையாக இருந்தாலும் உங்கள் கண்ணில் விழும் ஒளி 50 லக்ஸுக்கும் குறைவு.

இப்போது வெளியே வாருங்கள். மேலநீலிதநல்லூரில் நண்பகல் வெயில் தரையில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளியைக் கொட்டுகிறது. ஒரு வேப்பமர நிழலில் ஒதுங்கி நின்றாலும் சுமார் 10,000 லக்ஸ் இருக்கும். திரையின் ஒளியைவிட இது 200 மடங்கு. கைபேசித் திரையின் வெள்ளையைப் பகல் ஒளியின் வெள்ளையை ஒட்டியே அமைக்கிறார்கள். ஆதலால் இரண்டிலும் நீலத்தின் பங்கு ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கும். நீல ஒளிதான் கண்ணை நோகச் செய்கிறது என்றால், மரத்தடியில் ஆடு மேய்ப்பவரின் கண் கைபேசி பார்ப்பவரின் கண்ணைவிட 200 மடங்கு நோக வேண்டும் அல்லவா? அப்படி நடப்பதில்லை.

நம் கண்ணுக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. விழித்திரையின் நடுவில், கூர்மையாகப் பார்க்கும் இடத்தில், ஒரு மஞ்சள் நிறப்பொருள் படிந்திருக்கிறது. அது நீல ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த நிறப்பொருளை உடல் தானாகச் செய்வதில்லை, உணவிலிருந்துதான் பெறுகிறது. மக்காச்சோள மணிக்கு மஞ்சள் நிறம் தரும் பொருள்களும், கீரைகளில் பச்சைக்குள் மறைந்திருக்கும் மஞ்சள் பொருள்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

அச்சம் பிறந்த இடம்

அப்படியானால் நீல ஒளி பற்றிய அச்சம் வெறும் கட்டுக்கதையா? அதுவும் இல்லை. 1976இல் ஹாம் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் குரங்குகளின் விழித்திரை மீது பல நிற ஒளிகளைச் செலுத்திப் பார்த்தனர். குறுகிய அலை ஒளி, குறைந்த ஆற்றலிலேயே விழித்திரையைப் புண்படுத்துவதைக் கண்டனர். அது ஒளிவேதி மாற்றத்தால் வரும் புண். ஆனால் அவர்கள் செலுத்தியது மிகச் செறிவான ஒளி.

இத்தகைய ஆபத்து நமக்கு நேரக்கூடிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. அது சூரியனை நேராகப் பார்ப்பது. 2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது, வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம் என்று எச்சரித்தது இதனால்தான். சூரிய வட்டத்தை உற்று நோக்குவதும், விளையாட்டு லேசர்களைக் கண்ணுக்கு நேரே அடிப்பதும் என்றென்றைக்கும் கூடாதவை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இதன் மறுபக்கத்தையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். ஒரு பொருள் மிகுந்த அளவில் தீங்கு செய்வதாலேயே, சிறிய அளவிலும் அதே தீங்கைச் செய்யும் என்று முடிவு கட்டக் கூடாது.

மேலும், விழித்திரை புண்படுவது வேறு. கண் சோர்வது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறு நேர்கிறது.

திரை வருவதற்கு முன்பே

கண் சோர்வுக்கு வயது அதிகம். இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். பொற்கொல்லர், கடிகாரம் செய்வோர் போன்று நுண்ணிய வேலை பார்ப்பவர்களின் கண்கள் தளர்வதை அதில் அவர் விளக்கியிருக்கிறார். நம் ஊரில் பாருங்கள். சங்கரன்கோவில் தறிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கும் நெசவாளிக்கும், ஊசியில் நூல் கோக்கும் தையற்காரருக்கும், நகைப் பட்டறையில் கல் பதிப்பவருக்கும் மாலையில் கண் கனப்பது புதிதன்று.

அரிக்கேன் விளக்கில் படித்த உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சளாகவே எரியும். அதில் நீல ஒளி மிகமிகக் குறைவு. 'நீலத்தைத் தடுத்த' விளக்கு என்றே அதைச் சொல்லலாம். அப்படியிருந்தும் அந்த விளக்கில் இரவு முழுதும் படித்தவர்களின் கண் சோராமல் இருந்ததா? நீலம் இல்லாத இடத்திலும் சோர்வு இருக்கிறது. நீலம் நிறைந்த வயல்வெளியில் அந்தச் சோர்வு இல்லை. ஆகவே உண்மைக் காரணத்தை ஒளியின் நிறத்தில் அன்றி, கண் செய்யும் வேலையில் தேட வேண்டும்.

கண் செய்யும் வேலை

நீங்கள் தொலைவிலுள்ள ஒரு பனைமரத்தைப் பார்க்கும்போது கண்ணுக்கு வேலை மிகக் குறைவு. அருகில் உள்ளதைப் பார்க்க வேண்டுமானால், கண்ணுக்குள் இருக்கும் சிலியரித் தசை சுருங்கி, கண்வில்லையைத் தடிமனாக்க வேண்டும். எவ்வளவு வேலை என்பதை டயாப்டர் என்ற அலகால் அளக்கலாம். மீட்டரில் உள்ள தொலைவைக் கொண்டு 1ஐ வகுத்தால் போதும். 6 மீட்டர் தொலைவிலுள்ள கரும்பலகைக்கு 0.17 டயாப்டர். அரை மீட்டரில் உள்ள கணிப்பொறிக்கு 2 டயாப்டர். 25 செ.மீ. தொலைவில் பிடித்த கைபேசிக்கு 4 டயாப்டர். படுத்துக்கொண்டு 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 6.7 டயாப்டர்! கரும்பலகையைப் பார்ப்பதைப்போல் நாற்பது மடங்கு.

இது ஒரு தசையின் கதை. கூடவே இரு கண்களையும் மூக்குப் பக்கமாகத் திருப்பிப் பிடிக்கும் தசைகளும் உழைக்கின்றன. ஒரு பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, அதன் முனையைப் பார்த்துக்கொண்டே மெல்ல மூக்கருகே கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் கண் இழுப்பதை உணர்வீர்கள். அந்த இழுப்பின் சிறிய வடிவத்தைத்தான் கைபேசி பார்க்கும் நேரமெல்லாம் கண் தாங்குகிறது. வாளியை ஒரு நிமிடம் தூக்குவது எளிது. ஒரு மணி நேரம் கீழே வைக்காமல் பிடித்திருந்தால் கை கடுக்கும் அல்லவா?

மூன்றாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அது கண் சிமிட்டல். நம் கண்ணின் முன்புறத்தில் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று பரவியிருக்கிறது. ஒவ்வொரு சிமிட்டலும் வீட்டுத் தரையை ஈரத்துணியால் துடைப்பதுபோல் அந்தப் படலத்தைப் புதுப்பிக்கிறது. சிமிட்டாமல் விட்டால் படலம் ஆங்காங்கே உடைந்து, கண்ணின் பரப்பு காய்ந்து எரிகிறது.

ஜப்பானில் சுபோட்டா, நகமோரி என்ற இரு மருத்துவர்கள் 104 அலுவலக ஊழியர்களின் சிமிட்டலை எண்ணி 1993இல் வெளியிட்டனர். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 22 முறை. புத்தகம் படிக்கும்போது 10 முறை. கணிப்பொறித் திரையில் படிக்கும்போது 7 முறை. அதாவது, 3 நொடிக்கு ஒருமுறை நனைந்துவந்த கண், திரைக்கு முன்னால் 8 நொடிக்கு மேல் காத்திருக்கிறது. தலைக்கு மேல் மின்விசிறி சுழல்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று வேறு சன்னல் வழியே வந்து முகத்தில் அடிக்கிறது. கண் எரியாமல் என்ன செய்யும்?

அந்த ஆராய்ச்சி நடந்தபோது இன்றைய எல்.இ.டி. திரைகள் இல்லை என்பதையும் கவனியுங்கள். புத்தகம் படிக்கும்போதும் சிமிட்டல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதைப் பாருங்கள். புத்தகம் தானாக ஒளி விடுவதே இல்லையே!

தடுத்துப் பார்த்தால் தெரியும்

இவ்வளவும் தர்க்கம். அறிவியல் தர்க்கத்தோடு நின்றுவிடுவதில்லை. "கண்ணாடி போட்டதும் எனக்குச் சரியாகிவிட்டதே" என்று ஒருவர் சொன்னால் என்ன பதில்? அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பணம் கொடுத்து வாங்கிய பொருள் பலன் தரும் என்ற நம்பிக்கையே சில நேரம் இதம் தரும். கண்ணாடி வாங்கிய அதே வாரத்தில் அவர் கைபேசியைக் குறைத்திருக்கலாம். தேர்வு முடிந்திருக்கலாம். இவற்றை எல்லாம் விலக்கிப் பார்க்க ஒரு முறை வேண்டும்.

அந்த முறையை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கையாண்டனர். திரையால் கண் சோர்வதாகக் கூறிய 120 பேரைச் சேர்த்தனர். குலுக்கல் முறையில் சிலருக்கு நீலத்தைத் தடுக்கும் கண்ணாடி, மற்றவர்களுக்குச் சாதாரணக் கண்ணாடி. யாருக்கு எது என்று அணிந்தவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. இதனை இருபுறமும் மறைத்த சோதனை என்பர். இன்னொரு நுட்பமும் செய்தார்கள். சிலரிடம் கண்ணாடியைப் பற்றி உயர்வாகவும், சிலரிடம் தாழ்வாகவும் பேசினார்கள். பிறகு எல்லாரும் இரண்டு மணி நேரம் கணிப்பொறியில் வேலை செய்தனர். முன்னும் பின்னும் சோர்வின் அறிகுறிகளைக் கேட்டுக் குறித்தனர். மினுக்கும் விளக்கொன்று எந்த வேகத்தில் நிலையான ஒளியாகத் தோன்றத் தொடங்குகிறது என்றும் அளந்தனர். கண் அயர்ந்தால் இந்த அளவு மாறும். 2021இல் முடிவு வெளியாயிற்று. இரு கண்ணாடிகளுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை.

ஒரு சோதனையை மட்டும் நம்பலாமா? கூடாது. ஆகவே உலகின் பல இடங்களில் நடந்த சோதனைகளைத் திரட்டி ஒப்பிடும் காக்ரேன் ஆய்வு 2023 ஆகஸ்டில் வெளிவந்தது. ஆறு நாடுகளில் நடந்த 17 சோதனைகளை அது எடைபோட்டது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, குறுகிய காலப் பயன்பாட்டில் கணிப்பொறியால் வரும் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் தீர்ப்பு. அச்சோதனைகளில் மிக நீண்டது ஐந்து வாரமே நடந்தது. சிலவற்றில் ஆட்களும் குறைவு. அதனால்தான் ஆய்வாளர்கள் 'குறுகிய காலம்' என்று கவனமாகச் சொன்னார்கள். இப்படி எல்லை கட்டிப் பேசுவதுதான் அறிவியலின் இயல்பு. இதற்கு முன்பே, 2015இல், இத்தகைய கண்ணாடி பற்றிய ஒரு விளம்பரம் தக்க ஆதாரமின்றி வாசகரைத் தவறாக வழிநடத்துகிறது என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தடுத்திருக்கிறது.

கடை விளக்கின் கதை

"கடையில் என் கண்முன்னே காட்டினார்களே!" என்று சிலர் கேட்கலாம். ஒரு சிறு டார்ச்சின் ஒளியைச் சாதாரணக் கண்ணாடி வழியே அடித்தால் அட்டையில் புள்ளி விழும். 'புளூ கட்' கண்ணாடி வழியே அடித்தால் புள்ளி மறையும். காட்சி உண்மைதான். ஆனால் அத்தகைய டார்ச்சுகளில் பொதுவாக இருப்பது 405 நானோமீட்டர் ஊதா ஒளி. திரையின் நீலம் உச்சத்தில் இருப்பதோ 450ஐ ஒட்டி. 405ஐ முழுதும் தடுக்கும் கண்ணாடி 450ஐப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். அந்தக் கண்ணாடியை அணிந்து வானத்தைப் பாருங்கள். வானம் இன்னும் நீலமாகவே தெரிகிறதா? அப்படியானால் நீலம் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது.

உறக்கம் வேறு வழக்கு

நீல ஒளி எல்லாவற்றிலும் குற்றமற்றது என்று விடுவித்துவிடவும் முடியாது. விழித்திரையில், பார்ப்பதற்கென்று அல்லாமல், பகலா இரவா என்பதை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் உள்ளன. இவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற பொருள் 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே மிகுதியாக இசைகிறது. இரவில் இந்தச் செல்கள் தூண்டப்பட்டால், உறக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் சுரப்பது தள்ளிப்போகும். படுக்கையில் கைபேசி பார்ப்பது உறக்கத்தைக் கெடுப்பதற்கு இது ஒரு காரணம். பார்க்கும் படத்தின் விறுவிறுப்பும், "இன்னும் ஒன்றே ஒன்று" என்ற ஆசையும் மற்றக் காரணங்கள். இரவு பத்து மணிக்குமேல் கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

உண்மையான இழப்பு எது?

தவறான காரணத்தை நம்பினால் பணம் மட்டும் போவதில்லை. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கண் சோர்வுக்கும் தலைவலிக்கும் பின்னால் கிட்டப்பார்வையோ, தூரப்பார்வையோ, பார்வைச் சிதறலோ மறைந்திருக்கலாம். தூரப்பார்வை உள்ள மாணவரின் கண்வில்லை எப்போதும் கூடுதலாக உழைக்கிறது. அருகில் படித்தால் விரைவில் களைக்கிறது. அவருக்குத் தேவை சரியான பவர் உள்ள கண்ணாடி. அதற்குப் பதிலாகப் பவர் இல்லாத 'புளூ கட்' ஒன்றை மாட்டிக்கொண்டு ஓராண்டு கழித்தால், அந்த ஓராண்டும் கரும்பலகையிலும் பாடத்திலும் பின்தங்க நேரிடும்.

நம் பகுதி மக்களுக்கு இந்த உண்மை புதிதன்று. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988இல் அது திருநெல்வேலிக்கும் வந்தது. தடுக்கக்கூடிய பார்வை இழப்பு எதுவும் இருக்கக் கூடாது என்பதே அவருடைய குறிக்கோள். எளிய பரிசோதனையும் சரியான கண்ணாடியும் கிடைக்காததாலேயே வாழ்க்கை முடங்கியவர்கள் கிராமங்களில் பலர் இருந்தனர். பள்ளிகளில் கண் பரிசோதனை நடத்தி, தேவைப்படும் மாணவருக்கு இலவசமாகக் கண்ணாடி வழங்கும் அரசுத் திட்டமும் உண்டு. உங்கள் பள்ளிக்குப் பரிசோதனைக் குழு வரும்போது, வெட்கப்பட்டுப் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில், முதல் வகுப்புக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாகத் திறந்தவெளியில் வகுப்பு நடத்தினார்கள். மூன்றாண்டு முடிவில், புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அப்பள்ளிகளில் 30.4 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு. 2015இல் இது வெளியாயிற்று. எந்த நீல வானத்தைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று சொல்வார்களோ, அதன் அடியில் விளையாடிய குழந்தைகளின் கண்களே நலமாக இருந்தன!

நீங்கள் செய்ய வேண்டியவை

20 நிமிடத்துக்கு ஒருமுறை திரையை விட்டுத் தலை நிமிர்ந்து, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 நொடி பாருங்கள். சிலியரித் தசை இறுக்கம் தளரும். கைபேசியை முழங்கைத் தொலைவுக்காவது தள்ளிப் பிடியுங்கள். எழுத்து சிறிதாக இருந்தால் கண்ணை நெருக்காமல் எழுத்தைப் பெரிதாக்குங்கள். அவ்வப்போது நினைத்து, இமைகள் முழுதும் மூடும்படி கண் சிமிட்டுங்கள். மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாதபடி உட்காருங்கள். இருட்டறையில் திரை மட்டும் எரியும்படி விடாமல் அறை விளக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். மாலையில் ஒரு மணி நேரமாவது வெளியே விளையாடுங்கள். இவ்வளவு செய்தும் தலைவலி தொடர்ந்தாலோ, கரும்பலகை மங்கினாலோ, எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். மூன்று பேர் கொண்ட குழு போதும். ஒருவர் நண்பரோடு பேசிக்கொண்டிருக்கும்போது 5 நிமிடம், புத்தகம் படிக்கும்போது 5 நிமிடம், கைபேசியில் அதே அளவு எழுத்தைப் படிக்கும்போது 5 நிமிடம் என்று அவருடைய சிமிட்டல்களை மற்ற இருவரும் தனித்தனியே எண்ண வேண்டும். எண்ணுவது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் சிமிட்டல் மாறிவிடும். இருவர் எண்ணியதும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கைபேசியில் நீலத்தைக் குறைக்கும் மஞ்சள் திரை அமைப்பை இயக்கி மீண்டும் எண்ணுங்கள். திரை மஞ்சளானதால் சிமிட்டல் கூடிற்றா? வகுப்பில் பத்துக் குழுக்கள் இதனைச் செய்தால், முடிவுகளை ஒரு வரைபடமாக்கி அறிவியல் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் வைக்கலாம். விளம்பரம் சொன்னதையும், இக்கட்டுரை சொன்னதையும், உங்கள் எண்ணிக்கை சொல்வதையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.